மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும்

பெரியப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. சமீபத்தில் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். சர்க்கரை மாத்திரை அட்டை காலி. பிரஷர் மாத்திரையில் இரண்டு மிச்சம். ராத்திரி போட வேண்டிய கொழுப்பு மாத்திரை மட்டும் பத்தும் பிரிக்காமல் இருந்தது.

“அதைப் போட்டா தொடை ரெண்டும் குடையுதுப்பா. வாக்கிங் போனா இன்னும் ஜாஸ்தி. அதான் ரெண்டையும் விட்டுட்டேன்” என்றார்.

எனக்குப் பகீரென்றது. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு அடுத்த மாரடைப்பு வராமல் காப்பதில் பெரும்பங்கு அந்த இரண்டுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்.

கொழுப்பு மாத்திரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஸ்டாடின் வகை மருந்துதான். அட்டையில் அடார்வாஸ்டாடின் என்றோ ரோசுவாஸ்டாடின் என்றோ அச்சிட்டிருக்கும். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்துக் கண்டெடுத்த பொருள்தான் இந்த வகைக்கு மூலம். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது குறைக்கிறது. அதனால் கல்லீரல், ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது.

தசையைப் பற்றிய பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. செரிவாஸ்டாடின் என்ற ஸ்டாடினைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசை சிதைந்து, சிறுநீரகம் பழுதாகி, உயிரிழப்புகள் நேர்ந்தன. 2001 ஆகஸ்டில் அந்த மருந்து விற்பனையிலிருந்தே விலக்கப்பட்டது. இன்று புழக்கத்தில் உள்ள ஸ்டாடின்களில் அப்படிப்பட்ட தசைச் சிதைவு மிக மிக அபூர்வம்.

அப்படியானால் இந்தச் சாதாரணக் குடைச்சல்? 2022இல் ‘லான்செட்’ இதழில் ஒரு பெரிய அலசல் வந்தது. 19 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 1,24,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாடின் சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் தசைவலி சொன்னார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். முதல் வருடத்தில் ஆயிரம் பேருக்குச் சுமார் 11 பேர் மட்டுமே கூடுதல்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி மருத்துவர்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் ஸ்டாடின், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் புட்டி. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். வெறும் புட்டி மாதங்களில் உபாதையின் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களிலும் 15.4! ‘மாத்திரை உடம்பைப் படுத்தும்’ என்ற எதிர்பார்ப்பே உடம்பைப் படுத்துகிறது. மருத்துவத்தில் இதை நோசிபோ என்பார்கள். அவர்கள் பட்ட வலி பொய்யில்லை, காரணம்தான் வேறு. விவரம் தெரிந்தபின் அவர்களில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாடின் சாப்பிடத் தொடங்கினார்கள்.

சரி, நடந்தால் வலி கூடுமா? நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆண்டுதோறும் நான்கு நாள் நெடுநடை நடக்கிறது. தினமும் 30, 40 அல்லது 50 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதில் கலந்துகொண்ட சுமார் நூறு பேரை அந்நகர ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டாடினால் வலி உள்ளவர்கள், ஸ்டாடின் சாப்பிட்டும் வலி இல்லாதவர்கள், ஸ்டாடினே சாப்பிடாதவர்கள் என மூன்று அணி. நடந்த பிறகு ரத்தத்தில் தசைக் காயத்தின் அடையாளங்கள் மூன்று அணிக்கும் ஒரே மாதிரிதான் ஏறியிருந்தன. வலி உள்ளவர்களுக்கு முன்பே வலி சற்று அதிகம் இருந்தது. ஆனால் நடையால் கூடிய வலி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

திடீர்க் கடும் உழைப்பு வேறு விஷயம். பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களைப் பரிசோதித்தபோது, ஸ்டாடின் சாப்பிடுபவர்களுக்குத் தசை நொதியான சி.பி.கே. மற்றவர்களைவிட அதிகமாக ஏறியிருந்தது. எனவே பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே ஜிம்மில் எடை தூக்க வேண்டாம். பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே தொடைக்கு நல்ல பயிற்சி.

எந்த வலி எதனால் வந்தது என்று ஓரளவு நாமே கணிக்கலாம். உடற்பயிற்சி வலி, வேலை கொடுத்த தசையில் மட்டும் வரும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஸ்டாடின் வலி பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில், இரண்டு தொடையிலும், இடுப்பிலும், தோளிலும் ஒரே மாதிரி வரும். தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் டி பற்றாக்குறையும் இதே வலியைத் தரலாம். சி.பி.கே. சோதனைக்குப் போகும்முன் சில நாட்கள் கடும் பயிற்சி வேண்டாம், அளவு தவறாக ஏறிக் காட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல், சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் போன்றவை சில ஸ்டாடின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். யாரிடம் மருந்து வாங்கினாலும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, கை கால் பலமிழந்து எழ முடியாமல் போனாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியப்பாவை அவருடைய டாக்டரிடமே அழைத்துப் போனோம். ரத்தம் பார்த்து, வேறொரு ஸ்டாடினுக்கு மாற்றினார். இப்போது காலையில் தெருமுனை வரை போய் வருகிறார், அட்டையும் காலியாகிறது. உங்கள் வீட்டிலும் பிரிக்காத அட்டை ஒன்று இருக்கலாம். இன்றே டப்பாவைத் திறந்து பாருங்கள். இருந்தால், ஏன் நிறுத்தினார்கள் என்று அன்பாகக் கேளுங்கள். பிறகு அந்த அட்டையோடு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.