கிழிபடும் நகரங்கள்

ஐரோப்பியப் பழம்பொருள் கடைகளில் நகரங்களை அகரவரிசைப்படி அடுக்கி வைத்திருப்பார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய காட்சிகள். மதில்கள், கோபுரங்கள், துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள். பலர் முதலில் தேடுவது சொந்த ஊரைத்தான்.

இவற்றில் பல, சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1572-ல் பிரவுன் தொகுக்க, ஹோகன்பெர்க் செதுக்க, நகரங்களின் படத்தொகுப்பு ஒன்று வெளிவரத் தொடங்கியது. 1617-க்குள் ஆறு தொகுதிகள், 500-க்கும் அதிகமான காட்சிகள். கோவாவும் கள்ளிக்கோட்டையும்கூட உண்டு. பிறகு வந்தவர் ஃபிராங்க்ஃபர்ட் பதிப்பாளர் மெரியன். ஜெர்மானிய ஊர்களைப் பற்றி அவர் 1642-ல் தொடங்கிய வரிசை, மகன்களின் கையில் 2,000 படங்களைத் தாண்டியது.

பிரவுனின் பல படங்களில் முன்னால் உள்ளூர் உடையில் மனிதர்கள் நிற்பார்கள். அழகுக்காக மட்டுமல்ல. உருவப்படம் துருக்கியரின் மதத்துக்கு ஆகாது, எனவே அவர்கள் இவற்றைப் போருக்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்று நம்பினார் அவர். சுல்தானின் அரண்மனையிலேயே ஓவியர்கள் இருந்தது வேறு விஷயம்!

அசலை அறிவது எப்படி? தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றிப் பள்ளமாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் கோடுகள் தெரிந்தால் நம்பிக்கை கொள்ளலாம். புள்ளிக் கூட்டம் தெரிந்தால் நவீன நகல். பழைய பச்சை வண்ணத்தில் செம்பு உண்டு. அது காகிதத்தை மெல்ல அரித்து, பின்புறம் பழுப்பாகக் காட்டிக்கொடுக்கும். நேற்று பூசிய பச்சைக்கு அந்த வித்தை தெரியாது.

பிரவுனின் தாளைத் திருப்பினால் லத்தீனிலோ ஜெர்மனிலோ ஊர் வர்ணனை இருக்கும்; நடுவில் மடிப்பு. சேகரிப்பாளருக்கு இவை அசலின் அடையாளம். நூலகருக்கோ, ஒரு புத்தகம் பிரிக்கப்பட்டதற்கான சாட்சி. முழுத் தொகுதியைவிடத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம் என்பது வியாபாரிகளின் பழைய கணக்கு. ஏற்கெனவே சிதைந்த பிரதிகளைத்தான் பிரிக்கிறோம் என்பார்கள். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் நல்ல பிரதிகளும் கத்திக்குத் தப்பவில்லை. அட்டை போனால் அதிலிருந்த நூலக முத்திரை, உரிமையாளர் கையெழுத்து எல்லாம் போயிற்று.

மெரியனின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பழைய நகரம் 1944 மார்ச் குண்டுவீச்சில் அழிந்தது. அதில் ஒரு சிறு பகுதியைத்தான் 2018-ல் திரும்பக் கட்டி முடித்தார்கள். மற்ற தெருக்களைப் பார்க்க அவருடைய படங்களிடம்தான் போக வேண்டும்.