ஒண்டே ஒண்டேயும் வெண்கலப் பசுவும்

கோயிலில் விலங்கு பெரும்பாலும் வாகனமாகத்தான் நிற்கும். மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்துக்குப் போகிறவர் கும்பிடுவது விநாயகரை. மூஞ்சூறு அவருக்காக இருக்கிறது. இன்றைய உலோகச் சிற்பிகளோ முதுகில் யாரும் இல்லாத விலங்கை, அதன் பசியோடும் களைப்போடும் வார்க்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் கையாளும் முறை பழையதுதான். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் பஞ்சலோகத் திருமேனி வார்க்கும் அதே மெழுகு வார்ப்பு. அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு அடுப்படி போதும்.

ஒண்டே ஒண்டே செய்யும்போது என்ன நடக்கிறது? குலா மலாக்காவைச் சிறு கட்டியாக வெட்டி, பண்டான் சாறு சேர்த்த மாவால் சுற்றிலும் மூடிக் கொதிநீரில் போடுகிறோம். மாவு வெந்து கெட்டியாகிறது. உள்ளே கட்டி உருகிப் பாகாகிறது. மாவில் ஒரு கீறல் இருந்தால் பாகு முழுக்கத் தண்ணீரில் ஓடிவிடும். கையில் மிஞ்சுவது, வெல்லக்கட்டி இருந்த இடம் அப்படியே வெற்றிடமாக நிற்கும் ஒரு கூடு. சமையலில் அது கெட்டுப்போன பலகாரம். வார்ப்பில் அந்த வெற்றிடம்தான் சிற்பியின் தேவை.

இப்போது வெல்லக்கட்டிக்குப் பதில் ஒரு மெழுகுப் பசு. தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில், கண்ணிமை வரை செதுக்கி முடிக்கிறார்கள். அதன்மேல் முதல் பூச்சு, காவிரி வண்டலை மைபோல அரைத்தது. கண்ணிமையின் மடிப்பைப் பதிவுசெய்யப்போவது இந்தப் பூச்சுதான். இதில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் பசுவின் முகத்தில் தழும்பாகும். அடுத்தடுத்த பூச்சுகள் சொரசொரப்பானவை, தாங்குவதற்கு. பெரிய அச்சு என்றால் இரும்புக் கம்பியால் இறுகக் கட்டுகிறார்கள். வறட்டி நெருப்பில் வைத்ததும் மண் இறுகுகிறது, மெழுகு உருகி, விட்டுவைத்த துளை வழியே வெளியேறுகிறது. சூடு ஆறுவதற்குள் அந்தத் துளையில் உலோகத்தை ஊற்ற வேண்டும். ஈரம் ஒரு சொட்டு தங்கினாலும் நீராவி அச்சைப் பிளந்துவிடும். அச்சு ஆறிப்போனால் உலோகம் பாதி வழியில் உறைந்துவிடும்.

கால்நடைகளை வார்ப்பதில் பெரும்பாடு கால்தான். வயிறு தடிமன், கால் மெல்லியது. கால் முதலில் உறைந்துவிடும்; வயிறு கடைசியில்தான் உறையும். உறையும் உலோகம் சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப இன்னும் உருகிய உலோகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வயிற்றில் குழி விழும். அதனால்தான் மெழுகுப் பசுவிலேயே, உலோகம் வரும் வாய்க்காலைத் தடித்த மெழுகுக் குச்சியாக வயிற்றோடு ஒட்டிவைக்கிறார்கள். கொம்பு நுனியிலும் வால் நுனியிலும் காற்று சிக்காதிருக்க மெல்லிய குச்சிகள் தனி. ஆறிய பிறகு மண்ணை உடைத்து, இந்த வாய்க்கால்களை அறுத்து, அரம் போட்டால் பசு வெளிவரும். ஒரு மண் அச்சுக்கு ஒரே ஒரு சிலை.

எடை இன்னொரு சங்கதி. வெண்கலம் மெழுகைப்போல ஏறக்குறைய 9 மடங்கு கனம். சுவாமிமலைத் திருமேனிகள் பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. ஆளுயரப் பசுவைக் கெட்டியாக வார்த்தால் தூக்கவும் முடியாது, சீராக ஆறவும் செய்யாது. ஆகவே பெரிய சிற்பங்களில் நடுவே மண் கருவை வைத்து, அதைச் சுற்றி மெல்லிய மெழுகுத் தோலை மட்டும் விடுகிறார்கள். தலை, கால், வால் என்று தனித்தனியாக வார்த்துப் பற்றவைப்பதும் உண்டு.

மெழுகுதான் வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்கச் சிற்பி டெபோரா பட்டர்ஃபீல்ட் மரக்கிளைகளை அச்சுக்குள் எரித்துச் சாம்பலாக்கி, அந்த வெற்றிடத்தில் வெண்கலம் ஊற்றுகிறார். அந்த வெண்கலக் கிளைகளால் குதிரை எழுகிறது. பிக்காசோ 1950-இல் செய்த பெண் ஆட்டுக்கு வயிறு ஒரு பிரம்புக் கூடை, மடி இரண்டு மண்சாடிகள். பிறகுதான் அது வெண்கலமானது. கூடையையும் சாடியையும் பார்த்தவுடன் எனக்கு நம் தோட்டத்து லயம்தான் நினைவுக்கு வரும்.

1896-இல் வணிகர் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் மலாக்காவெங்கும் எழுந்த ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் பால் மரம் வெட்டினார்கள். லயத்துக்குப் பின்னால் கட்டிய மாடு அந்தக் கூலிக்குப் பக்கத்துணை. மாட்டுப்பால் விற்ற காசில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மாடுகளும் போயின. அந்த மாட்டுக்கு ஒரு சிலை வேண்டும். வாகனமாக அல்ல, குடும்பத்தைத் தாங்கிய உயிராக.

மலாக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலோகம் ஊற்றுவதை வார்ப்புப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்; அது பிள்ளைகள் கிட்டே போகக் கூடாத வேலை. மெழுகு உருவத்தைப் பிள்ளைகளே செய்யட்டும். மாடு கட்டிய தாத்தா பாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை வகுப்புக்கு அழைத்து, கொம்பு எப்படி வளைந்திருந்தது, எந்தக் காது கிழிந்திருந்தது என்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.