பெரியாற்றுப் பயிற்சியாளர்

போன வாரம் சென்னையின் சங்கர் பாசுவைப் பார்த்தோம். 2015-இல் இந்திய கிரிக்கெட் அணிக்கு உடற்தகுதிப் பயிற்சியாளராகப் போனவர், விராட் கோலியைப் பளு தூக்க வைத்தவர். அவரிடம் வந்தவர்கள் ஏற்கெனவே விளையாட்டு வீரர்கள். உடம்பை அசைத்தே பழகாதவர்களும் அசைக்கப் பயப்படுகிறவர்களும் வந்து நின்றால் பயிற்சியாளர் என்ன செய்வார்? இதற்கு ஆலுவா பக்கம் போக வேண்டும்.

கொச்சி மெட்ரோவின் முதல் ரயில்கள் 2017-இல் கிளம்பிய ஊர் இது. 244 கிலோமீட்டர் ஓடிவரும் பெரியாறு இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. நாராயண குரு 1913-இல் அத்வைத ஆசிரமம் அமைத்த கரையும், சிவராத்திரிக்குக் கூட்டம் கூடும் மணப்புறமும் இந்த ஆற்றை ஒட்டியே இருக்கின்றன. சஜி வாளச்சேரில் பல ஆண்டுகளாக நீச்சல் சொல்லித் தருவதும் இதே ஆற்றில்தான். கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து முதியவர்கள் வரை ஆயிரக்கணக்கானோர் அவரிடம் கற்றிருக்கிறார்கள். பயிற்சியின் முடிவில் பலரும் பெரியாற்றைக் குறுக்கே நீந்திக் கடக்கிறார்கள்.

கேரளத்தில் நீச்சல் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2007 பிப்ரவரி 20 அன்று இதே பெரியாற்றில், தட்டேக்காட்டில் படகு மூழ்கியது. சுற்றுலா வந்திருந்த எளவூர்ப் பள்ளியின் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தேக்கடியில் 45 பேர். 2023 மே மாதம் தானூரில் 22 பேர். ஆறும் காயலும் கடலும் சூழ்ந்த மாநிலத்தில் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்களின் பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பயிற்சியாளர் முதலில் கையாள வேண்டியதும் அந்தப் பயத்தைத்தான். அதை இளக்காரம் செய்தால் வந்தவர் மறுநாள் வரமாட்டார்.

வாளச்சேரிலிடம் கற்றவர்களில் ஒருவர் முகமது ஆசிம், கோழிக்கோடு மாவட்டம் வெளிமண்ணையைச் சேர்ந்தவர். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. தன் கிராமத்துப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கக் கோரிச் சிறுவயதிலேயே போராடியவர் என்று கேரளம் அவரை முன்பே அறியும். 2022 பிப்ரவரியில், பதின்வயதில், சுமார் 800 மீட்டர் அகலமுள்ள பெரியாற்றை ஒரு மணி நேரம் போல நீந்திக் கடந்தார். பார்வையற்ற சிறுவர்களும் வாளச்சேரிலிடம் கற்று இந்த ஆற்றைக் கடந்திருக்கிறார்கள்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். நீச்சல் வகுப்புகளில் சொல்லித் தரும் கைவீச்சு ஆசிமுக்கு எந்த விதத்திலும் உதவாது. உடம்பை மிதக்கவிடுவது, இடுப்பிலிருந்து உந்துவது, முகம் மேலே வரும் நொடியில் மூச்சை எடுப்பது என்று அவருடைய உடம்புக்கு என்ன முடியுமோ அதிலிருந்துதான் தொடங்க முடியும். கண் தெரியாத பிள்ளைக்கோ செய்து காட்டுவதால் பயனில்லை. குரலாலும் தொடுதலாலும்தான் திசை சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே அட்டவணையை அச்சிட்டுக் கொடுக்கும் ஜிம் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கூட்டமாகச் செய்யும் பயிற்சிக்கும் மதிப்பு உண்டு. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியில் சலாஹுதீன் என்ற முன்னாள் படைவீரர் 2012-இல் தொடங்கிய ‘மெக் 7’ பயிற்சி 21 நிமிடத்தில் முடிந்துவிடும். அதுவும் இலவசம். விடியற்காலையில் மைதானங்களில் கூடும் கூட்டத்தைப் பார்த்தே பலர் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் முழங்காலும் நம் முழங்காலும் ஒன்றல்ல. தனிப் பயிற்சியாளர் தேவைப்படுவது அங்கேதான்.

மூட்டுத் தேய்மானம் உள்ள ஒருவர் மார்பளவுத் தண்ணீரில் நடந்தால், கால்கள் தாங்க வேண்டிய எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தரையில் பத்து நிமிடம் நடக்க முடியாதவர் தண்ணீரில் அரை மணி நேரம் நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலியோடு வருகிறவரை அந்த அளவுக்குக் கொண்டு சேர்க்க இப்படியொரு வழி தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இன்னொரு சங்கதி. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தரையில் என்றால் வியர்ப்பது கண்ணில் படும். தண்ணீரில் அது தெரியாது. ஆகவே என்ன மருந்து, எப்போது சாப்பிட்டார், பாதத்தில் புண் உண்டா, படியேறினால் நெஞ்சு கனக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நெஞ்சுக் கனம் என்று சொன்னால் அன்று பயிற்சியே கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். 2021 அக்டோபரில் உடற்பயிற்சிக்குப் பின் உடல்நலம் குன்றி 46 வயதில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தபோது, பெங்களூரில் இதயப் பரிசோதனைக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பதற்றம் சில வாரத்தில் அடங்கிவிட்டது. மேலே சொன்ன கேள்விகளைக் கேட்கும் பழக்கமோ இன்னும் எல்லா ஜிம்களிலும் வரவில்லை. மாதச் சந்தாவை வாங்கிக்கொண்டு ரத்த அழுத்தம் கூடக் கேட்காமல் ட்ரெட்மில்லில் ஏற்றிவிடுவது பெரிய தவறு.

இந்தியாவில் உடற்பயிற்சியாளர் ஆக உரிமம் கட்டாயமில்லை. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது. திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் படிப்புகள் உண்டு. படித்தவரா என்று கேட்கும் பொறுப்பு மட்டும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. கேட்கும்போது உயிர்காப்பு முதலுதவி தெரியுமா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். ஜிம்மில் ஒருவர் மயங்கி விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் சீராக இல்லை என்றால், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதுதான் முதல் வேலை, அழுத்துவது அதற்கடுத்து. இந்த வரிசை மாறக்கூடாது என்பதை ஆற்றில் சொல்லித் தருகிறவரும் மாடியில் ஜிம் நடத்துகிறவரும் ஒருபோல அறிந்திருக்க வேண்டும்.

(தொடரும்)