தரையடி வெந்நீர் வெப்பமூட்டல்

தரையடி வெந்நீர் வெப்பமூட்டல் என்பது வீட்டின் தரைக்குள் குழாய்களைப் பதித்து, அவற்றில் இளஞ்சூடான நீரைச் சுழலச்செய்து அறைகளைச் சூடாக்கும் முறையாகும். கடுங்குளிர் நிலவும் ஐரோப்பா, கொரியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளில் இது பயன்பாட்டில் உள்ளது. சிறிய பரப்பை மிகுதியாகச் சூடாக்காமல், பெரிய பரப்பைச் சிறிதளவே சூடாக்குவது இதன் அடிப்படைக் கருத்தாகும். சுவரோரம் நிற்கும் பழைய ரேடியேட்டர்களுக்கு 60 முதல் 80 பாகை செல்சியசு (°செ) வரை சூடான நீர் தேவைப்பட்டது. தரையடி முறைக்குப் பொதுவாக 30 முதல் 45 °செ வரையிலான நீரே போதுமானது.

குழாய்கள் தரைக்குள் புதைக்கப்படுவதால், பிழையைப் பின்னர் திருத்துவது கடினம். எனவே இம்முறையில் திட்டமிடலும் சோதனையும் முதன்மையான இடம் பெறுகின்றன.

அறிவியல் அடிப்படை

இம்முறையின் இயற்பியலைத் தமிழ்நாட்டினர் வேறொரு வடிவில் நன்கு அறிவர். மல்லாங்கிணறு, விருதுநகர், சிவகாசி போன்ற கரிசல் நிலத்து ஊர்களில், கோடையில் பகல் முழுதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் மேல்தளம், கதிரவன் மறைந்த பின்னரும் நெடுநேரம் அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி சுழன்றாலும் தலைக்கு மேலிருந்து அனல் இறங்குவதை உணரலாம். காற்றின் உதவியின்றி ஒரு பரப்பிலிருந்து உடலுக்கு நேரே வரும் இவ்வெப்பமே கதிர்வீச்சு வெப்பமாகும்.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 செ.மீ. தடிப்புள்ள கான்கிரீட் தளத்தின் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 290 கிலோகிராம் எடையுடையது. 10 சதுர மீட்டர் அறையின் மேல்தளம் 10 °செ குளிர்வதற்குள் சுமார் 7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை வெளியிடுகின்றது. இதில் ஒரு பகுதி வானத்துக்கும் எஞ்சியது அறைக்கும் செல்கின்றது. தரையடி வெப்பமூட்டலில் கதிரவனின் இடத்தைக் குழாயில் ஓடும் வெந்நீரும், மேல்தளத்தின் இடத்தைத் தரையும் பெறுகின்றன. தளம் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் பண்பும் அப்படியே பொருந்தும்.

தரையின் எல்லை

மக்கள் வெறுங்காலுடன் நடக்கும் தரையை விரும்பிய அளவுக்குச் சூடாக்க இயலாது. ஐரோப்பியச் செந்தரமான இ.என். 1264, வாழும் அறைகளின் தரை மேற்பரப்பு 29 °செ-ஐத் தாண்டக் கூடாது என்கின்றது. குளியலறைக்கு 33 °செ, வெளிச்சுவரை ஒட்டிய பகுதிக்கு 35 °செ எல்லையாகும்.

அறை 20 °செ-இல் இருக்கும்போது, தரை அதைவிட ஒரு பாகை கூடுதலாக இருந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 வாட் வெப்பம் கிடைக்கும். எனவே 29 °செ தரையிலிருந்து பெறக்கூடியது சுமார் 100 வாட் மட்டுமே. ஒரு வீட்டுக்கு இம்முறை பொருந்துமா என்பதை இந்த எண்ணே முடிவு செய்கின்றது.

நன்கு வெப்பக் காப்பிடப்பட்ட புதிய வீடு, குளிர்நாளில் சதுர மீட்டருக்கு 35 வாட் வெப்பத்தை இழப்பதாகக் கொள்வோம். அதன் தரை 23 °செ-ஐச் சற்றுத் தாண்டினாலே போதும். அத்தரை காலுக்குச் சூடாகத் தோன்றாது, குளிராது, அவ்வளவே. மாறாக, காப்பற்ற பழைய வீடு 120 வாட் இழக்குமானால், தரை அதன் எல்லையைத் தொட்ட பின்னரும் அறை குளிராகவே இருக்கும். அவ்வீட்டுக்கு முதல் தேவை குழாய் அன்று; சுவர், கூரை, சாளரம் ஆகியவற்றின் காப்பாகும்.

வரலாறு

உரோமானியர் தரைக்கடியில் வெற்றிடம் விட்டு, அதனூடாக அடுப்பின் சூடான காற்றையும் புகையையும் செலுத்தினர். கொரியாவின் ஒண்டோல் முறையும் அடுப்புப் புகையைத் தரைக்கற்களின் கீழ் செலுத்துவதே. இன்றைய கொரிய அடுக்குமாடி வீடுகளில் புகைக்கு மாற்றாக வெந்நீர்க் குழாய்கள் பயன்படுகின்றன. இந்தியாவில் காசுமீரத்து மசூதிகளிலும் சில வீடுகளிலும் உள்ள ஹமாம் இவ்வகையைச் சார்ந்தது. அங்கு விறகுத் தீயினால் கற்பலகைத் தரை சூடாவதோடு, செப்புக் கலத்தில் நீரும் சூடாகின்றது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட், விசுகொன்சின் மாநிலத்து மாடிசன் நகரில் 1937-இல் நிறைவுற்ற ஜேக்கப்சு இல்லத்தில், கான்கிரீட் தரையின் அடியில் குழாய்களை அமைத்தார். 1947 முதல் 1951 வரை நியூயார்க் அருகே லெவிட்டவுனில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளில் செப்புக் குழாய்கள் தரைக்குள் பதிக்கப்பட்டன. காலப்போக்கில் பல வீடுகளில் குழாய்கள் கசிந்தன. தரையை உடைக்க விரும்பாத பலர் பழைய குழாய்களைக் கைவிட்டு, சுவரோர வெப்பமூட்டிகளுக்கு மாறினர்.

1960களில் செருமனியில் உருவான குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் குழாய் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தது. இது துருப்பிடிக்காது, வளையும், தரைக்குள் இணைப்பின்றி ஒரே நீளமாகப் பதிக்கத்தக்கது. ஆயினும் நெகிழிச் சுவரின் வழியே ஆக்சிசன் நீரில் கலந்து, அமைப்பின் இரும்புப் பாகங்களை அரிக்கக்கூடும். ஆகவே ஆக்சிசன் தடுப்புப் படலம் உள்ள குழாயையே பயன்படுத்த வேண்டும்.

புதிய வீட்டில் அமைத்தல்

புதிய கட்டடத்தில் பணி பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறும்.

1. ஒவ்வோர் அறையின் வெப்ப இழப்பும் தனித்தனியே கணக்கிடப்படும்.
2. அடித்தளத்தின் மீது வெப்பக் காப்புப் பலகைகள் பரப்பப்படும். இவை இல்லையெனில் வெப்பம் மண்ணுக்குள் இறங்கி வீணாகும்.
3. தளம் விரிவடைய இடம் விட்டு, சுவரோரங்களில் மென்மையான பட்டை ஒட்டப்படும்.
4. குழாய்கள் 10 முதல் 30 செ.மீ. இடைவெளியில் சுற்றுகளாக விரிக்கப்படும். 16 மி.மீ. குழாயில் ஒரு சுற்று ஏறத்தாழ 100 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நன்று. நீளம் கூடினால் நீரோட்டம் தடைப்படும்.
5. எல்லாச் சுற்றுகளும் ஒரு பிரிப்பானில் இணைக்கப்படும். ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய நீரளவு இங்கே சரிசெய்யப்படும்.
6. குழாய்களில் 4 முதல் 6 பார் அழுத்தத்தில் நீரேற்றிக் கசிவு சோதிக்கப்படும். சாந்து கொட்டும்போதும் அழுத்தம் நீடிக்க வேண்டும். குழாயில் ஆணியோ மண்வெட்டியோ பட்டால் அழுத்தமானி உடனே காட்டிவிடும்.
7. குழாய்க்கு மேல் சுமார் 45 மி.மீ. தடிப்பு இருக்குமாறு சிமெந்துச் சாந்துத் தளம் இடப்படும்.

சிமெந்துச் சாந்து இட்டு 21 நாட்கள் கழிந்த பின்னரே வெந்நீர் செலுத்த வேண்டும். முதல் மூன்று நாட்கள் 20 முதல் 25 °செ நீரும், அடுத்த நான்கு நாட்கள் வடிவமைப்பின் உச்ச வெப்பநிலையும் பேணப்படும். ஈரமான தளத்தை அவசரமாகச் சூடாக்கினால் அது வெடிப்புறும்.

புதைப்பதற்கு முன் குழாய்களின் அமைப்பை அளவுகோலுடன் ஒளிப்படம் எடுத்து வைப்பது சிறிய, ஆனால் பயன்மிக்க வழக்கமாகும். பின்னாளில் தரையில் துளையிட நேர்ந்தால் அப்படமே வழிகாட்டி.

பழைய வீட்டில் அமைத்தல்

பழைய வீடுகளில் தரையின் உயரமே முதல் சிக்கல். காப்பும் சாந்தும் சேர்ந்து 10 செ.மீ.-க்கு மேல் உயர்ந்தால் கதவுகளை அறுக்க வேண்டும். மாடிப்படியின் முதற்படி குட்டையாகிவிடும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

- பழைய தரையை முழுதும் பெயர்த்துத் தோண்டி, காப்புடன் புதிதாக அமைத்தல். செலவு மிக்கது, பலன் சிறந்தது.
- பள்ளம் வெட்டிய மெல்லிய பலகைகளைப் பழைய தரையின் மீது பரப்பி, அவற்றில் குழாய் பதித்தல். உயரம் 2 செ.மீ. அளவே கூடும். விரைவில் சூடேறும், ஆயினும் கீழே காப்பு குறைவு.
- மரத்தரை எனில், விட்டங்களுக்கு இடையே கீழிருந்து அலுமினியத் தகடுகளையும் குழாய்களையும் பொருத்தி, அவற்றின் அடியில் காப்பிடுதல்.

தரைவிரிப்பும் கருதத்தக்கது. ஓடும் கல்லும் வெப்பத்தை நன்கு கடத்தும். தடித்த கம்பளம் அதனைத் தடுக்கும். மரத்தரையின் மேற்பரப்பு 27 °செ-க்குள் இருப்பது வழக்கம்.

ஐரோப்பிய நகரங்களில் பழைய வீடுகளை வாங்கும் புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கும் இக்கேள்வி எழுகின்றது. எரிவளிக் கொதிகலனை நீக்கி வெப்ப எக்கி பொருத்தும் எண்ணமும் இதனுடன் சேர்ந்து வருகின்றது. குளிர்பதனப் பெட்டியின் தத்துவத்தில் இயங்கும் வெப்ப எக்கி, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றுகின்றது. நீர் 35 °செ அளவில் போதுமெனில், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். 55 °செ நீர் தேவையெனில் இந்நன்மை வெகுவாகக் குறையும். வெப்ப இழப்பைக் குறைத்த பின்னர், தரையைப் பெயர்க்காமல் பெரிய ரேடியேட்டர்களைப் பொருத்துவதும் ஏற்கத்தக்க தீர்வே.

வெப்ப நாடுகளில்: குளிர்நீர்த் தளம்

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களைத் தவிரத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வெப்பமூட்டல் தேவையில்லை. ஆயினும் அதே குழாய்களில் குளிர்நீரைச் செலுத்தி அறையைக் குளிர்விக்கலாம். ஐதராபாத் அருகே போச்சாரத்தில் இன்போசிசு நிறுவனம் 2011-இல் திறந்த அலுவலகக் கட்டடம் இதற்குச் சான்றாகும். அதன் ஒரு பாதி வழக்கமான குளிர்காற்று முறையிலும், மறுபாதி தளக்குழாய்க் குளிர்நீர் முறையிலும் அமைக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. குளிர்நீர்ப் பாதி, குளிர்விப்புக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்னாற்றலையே செலவிட்டது.

இங்கு எல்லையை வகுப்பது பனிநிலை வெப்பநிலை. பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்தால், குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் முத்துக்கள் அரும்புவதுபோல் தளம் வியர்க்கும். 38 °செ வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட கோடைப் பகலில் பனிநிலை சுமார் 17 °செ. ஆகவே 20 °செ தளம் உலர்ந்தே இருக்கும். 28 °செ வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஐப்பசி மழைநாளிலோ அது 25 °செ ஆகும். அப்போது அதே தளம் நனைந்துவிடும். எனவே காற்றின் ஈரத்தை அகற்றும் தனி அமைப்பு இன்றி இம்முறையை இங்கு மேற்கொள்ள இயலாது.

கரிசல் நிலத்து வீடுகளுக்கு எளிய தொடக்கம், மேல்தளத்தின் மீது தட்டோடு பதித்தலும் வெள்ளையடித்தலுமே. குளிர்நாட்டுப் பழைய வீட்டுக்கும் வெயில்நாட்டு வீட்டுக்கும் வரிசை ஒன்றே: முதலில் காப்பு, பின்னரே குழாய்.

இவற்றையும் பார்க்க

- வெப்பக் கதிர்வீச்சு
- வெப்பக் காப்பு
- வெப்ப எக்கி
- பனிநிலை