மெய்யியலின் எல்லை

மெய்யியலும் விஞ்ஞானமும் நெடுங்காலம் ஒரு குடியாகவே வாழ்ந்தன. 1687இல் நியூற்றன் தம் பெருநூலுக்கு 'இயற்கை மெய்யியலின் கணிதத் தத்துவங்கள்' என்றே பெயரிட்டார். பின்னர்ப் பௌதிகமும் இரசாயனமும் தனிக்குடித்தனம் போயின. இவ்வரலாறு கற்ற மாணவர் சிலர், "இனி மெய்யியலுக்கு என்ன வேலை?" என என்னை வினவுவதுண்டு. வினாவைப் புறந்தள்ளுதல் தகாது. மெய்யியலார் எல்லை கடந்து இடறியதும் உண்டு.

பிரெஞ்சு மெய்யியலார் ஒகஸ்ட் கொம்ற் விஞ்ஞானத்தைப் பெரிதும் போற்றியவர். எனினும், விண்மீன்களின் இரசாயன அமைப்பை மனிதர் எக்காலத்தும் அறியவொண்ணாது என 1835இல் வரையறுத்தார். கண்ணாற் காண்பதன்றி அவற்றை வேறு வகையால் அணுகவியலாது என்பது அவர் காட்டிய காரணம். 1857இல் அவர் மறைந்தார். ஈராண்டு கழிந்து, 1859இல், ஹைடல்பேர்க் நகரிலே கேர்ச்சோவும் பன்சனும், ஒவ்வொரு மூலகமும் ஒளியின் நிறமாலையிலே தனக்குரிய கோடுகளைக் காட்டும் என நிறுவினர். விண்மீன் ஆய்கூடத்துக்கு வரவில்லை, அதன் ஒளி வந்தது, அதுவே போதியதாயிற்று. 1868இல் சூரிய ஒளியிற் கண்ட மஞ்சட் கோடொன்று, பூமியில் அதுவரை அறியப்படாத மூலகத்தைக் காட்டிற்று. ஈலியம் எனப் பெயர்பெற்ற அது, 1895இல் பூமியிலும் பிரித்தெடுக்கப்பட்டது.

இதனால் மெய்யியல் பயனற்றது என முடிவு செய்தல் பொருந்துமா? பொருந்தாது. "இதனை நீ அறிய மாட்டாய்" என வேலி கட்டுதல் அதன் தொழிலன்று. "அறிந்தேன் என்கின்றாயே, எவ்வாறு அறிந்தாய்?" எனக் கேட்பதே அதன் தொழில். ஆய்கூடத்துச் சுடரிற் கண்ட கோடு சூரியனிலும் அதே மூலகத்தைக் குறிக்கும் என்பது அனுமானம். இங்குள்ள நியதி அங்கும் செல்லும் என்பதற்கு யாது பிரமாணம்? புகை கண்டு நெருப்பை அனுமித்தல் எங்ஙனம் பொருந்தும் என உலகாயதர் பண்டு எழுப்பிய தடையும் இத்தகையதே. இதுகாறும் நிகழ்ந்தது இனியும் நிகழும் என்பதைத் தருக்கத்தால் நிறுவவியலாது. வழக்கமே நம்மை அவ்வாறு நம்பச் செய்கின்றது என 1739இல் டேவிட் கியூம் காட்டினார். எந்தப் பரிசோதனையும் இவ்வினாவைத் தீர்க்காது. பரிசோதனை அனைத்தும் அந்நம்பிக்கையின் மேலன்றோ நிற்கின்றன?

நம் பாடசாலைகளிலே விஞ்ஞானம் ஒரு வகுப்பறையிலும் அளவையியல் மற்றோர் அறையிலும் கற்பிக்கப்படுகின்றன. ஓரறை மாணவன் விடையை மனனஞ் செய்கின்றான்; மற்றவன் வினாவை மனனஞ் செய்கின்றான். நிறமாலையைக் கற்பிக்கும் நாளிலே, அனுமானத்தின் நிலைக்களத்தையும் ஒரு நாழிகை ஆராயச் செய்தல் ஆசிரியர் கடன். அங்ஙனம் பயின்றோர் கொம்ற் போல வேலியும் கட்டார்; கேட்டதையெல்லாம் முடிந்த முடிபாகவும் கொள்ளார்.