சவுதிக்குப் பெட்டி கட்டுறீங்களா? துணியைவிட கசகசாவை முதலில் கவனிங்க!

ஆபீஸ் புராஜெக்ட்டுக்காக ரியாத்தில் மூன்று மாதம். அல்லது ஜெட்டாவில் வேலை பார்க்கும் அண்ணன் குடும்பத்தோடு இரண்டு வாரம். சவுதி அரேபியா டிக்கெட் உறுதியானதும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "என்ன டிரஸ் எடுத்துட்டுப் போறது?"

நியாயமான கேள்வி. ஆனால் உடையில் தவறினால் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையோடு, இல்லையென்றால் அபராதத்தோடு முடிந்துவிடும். அதே பெட்டியில் அம்மா அரைத்துக் கொடுத்த குருமா பொடியோ, நம்ம ஊர் மெடிக்கலில் வாங்கிய இருமல் சிரப்போ இருந்தால், விஷயம் போலீஸ் வரை போகலாம். அதனால் பெட்டியில் எது வரலாம், எது வரவே கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெண்களுக்கு அபாயா கட்டாயமா?

இல்லை. 2019-ல் சவுதி சுற்றுலா விசாவைத் திறந்தபோதே, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிய வேண்டிய கட்டாயம் இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. தலையை மூடுவதும் கட்டாயமில்லை. ஆனால் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். உடை இறுக்கமாகவோ உடல் தெரியும்படியோ இருக்கக் கூடாது.

நம்ம ஊர் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தளர்வான சல்வார் கமீஸ், நீளமான குர்தி, பலாஸோ எல்லாமே இந்த விதிக்குள் வந்துவிடும். லெக்கிங்ஸ் போட்டால் மேலே முழங்காலைத் தாண்டும் டாப் இருக்கட்டும். சேலை கட்டுபவர்கள் இடுப்பும் முதுகும் தெரியாத பிளவுஸ் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய துப்பட்டா எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். மசூதிக்குள் நுழையும்போது தலைக்கு, ஏசி அறையில் தோளுக்கு, புழுதிக் காற்றில் மூக்குக்கு என்று மூன்று வேலைக்கும் அது ஒன்றே போதும்.

அபாயா வேண்டும் என்று தோன்றினால் அங்கே போய் வாங்குவதே நல்லது. ரியாத், ஜெட்டா கடைவீதிகளில் எல்லா விலையிலும் கிடைக்கும்.

ஆண்களுக்கு விதி இல்லையா?

இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 2019-ல் கொண்டுவரப்பட்ட பொது ஒழுங்கு விதிகள் இரு பாலருக்கும் பொருந்தும். ஸ்லீவ்லெஸ் பனியன், முழங்காலுக்கு மேல் நிற்கும் ஷார்ட்ஸ் எல்லாம் வெளியே போட அல்ல. ஆபாசமான படமோ வாசகமோ உள்ள டி-ஷர்ட்டும் அபராதத்துக்கு உரியது. காட்டன் பேண்ட், தளர்வான முழுக்கைச் சட்டை என்றால் வெயிலுக்கும் நல்லது, விதிக்கும் நல்லது.

பாலைவனம்னா வெயில் மட்டும்தானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரியாத்தில் ஜூலை பகலில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அதே ஊரில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஈரப்பதம் இல்லாத காற்று, சூரியன் மறைந்ததும் சூட்டைப் பிடித்து வைத்திருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஜாக்கெட் கட்டாயம்.

எல்லா ஊரும் ஒரே மாதிரி இல்லை. செங்கடலை ஒட்டிய ஜெட்டா, சென்னை மாதிரியே வியர்க்கும் ஊர். தெற்கே மலை மேல் உள்ள அப்ஹா சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் குளுகுளு. கோடையில் ரியாத் போனாலும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று வேண்டும். மால், ஆபீஸ் ஏசியில் நடுங்க வைத்துவிடுவார்கள்.

வறண்ட காற்றில் முதல் வாரமே உதடு வெடிக்கும், கண் எரியும். லிப் பாம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணாடியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கசகசாவில் அப்படி என்ன பிரச்சினை?

நமக்குக் கசகசா என்றால் குருமாவைக் கெட்டியாக்கும் பொருள். சவுதி சட்டத்துக்கு அது ஓபியம் செடியின் விதை. மார்ஃபின் எடுக்கப்படும் அதே கசகசாச் செடி. விதையில் போதை இல்லை என்பது நம் வாதம். தடைப் பட்டியலில் இருக்கிறது என்பது அவர்கள் சட்டம். வளைகுடா நாடுகளுக்குப் போகும் இந்தியர்கள் கசகசா எடுத்துச் செல்ல வேண்டாம் என்று இந்தியத் தூதரகங்களே எச்சரித்திருக்கின்றன.

தனி பாக்கெட்டாக இருந்தால் நாமே எடுத்து வைத்துவிடுவோம். சிக்கல், அது மறைந்து வரும்போதுதான். வீட்டில் அரைத்த கறி மசாலா, பிரியாணி மசாலா, குருமா பொடி ஆகியவற்றில் கசகசா சேர்ந்திருக்கலாம். "இதுல என்னம்மா போட்டீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஜாதிக்காய்க்கும் சவுதியில் கட்டுப்பாடு உண்டு. பான் மசாலா, குட்கா வகைகளையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். லேபிள் இல்லாத நாட்டு மருந்துப் பொடி, லேகியமும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்க அதிகாரியிடம் உங்களால் நிரூபிக்க முடியாது.

மசாலா இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்ற கவலையும் வேண்டாம். ரியாத்தின் பத்ஹா பகுதியிலும், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் இந்திய மளிகை தாராளமாகக் கிடைக்கும். அங்கே சட்டப்படி விற்கும் பாக்கெட்டை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

தினமும் மாத்திரை போடுறவங்க என்ன செய்யணும்?

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஒரிஜினல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கவனம் தேவைப்படுவது வேறு பட்டியலுக்கு: டிரமடால் உள்ள வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அல்பிரஸோலம், குளோனாஸிபம், நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், ஏடிஹெச்டி-க்கான மெத்தில்பெனிடேட். இவையெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டாக்டர் சீட்டு மட்டும் போதாது. சவுதி உணவு மற்றும் மருந்து ஆணையத்தின் இணையதளத்தில் பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும், அளவும், எத்தனை நாளுக்கு என்பதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பொதுவாக ஒரு மாதத்துக்கு, அல்லது தங்கும் நாட்களுக்கு, எது குறைவோ அந்த அளவுதான் அனுமதி.

மாத்திரைக்குப் பயந்து, கேட்காமலேயே மனநல மருந்தை நிறுத்திவிட்டுக் கிளம்புவதும் ஆபத்து. கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். மாற்று மருந்து இருந்தால் அவரே சொல்வார்.

"ஒரு சின்ன பார்சல்தான் தம்பி…"

வளைகுடா போகும் எல்லோரும் கேட்டிருக்கும் வசனம் இது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தூரத்துச் சொந்தம், நண்பனின் நண்பன் என்று யாராவது ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். "என் பையன் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிப்பான்."

சட்டம் பார்ப்பது பார்சல் யாருடையது என்பதை அல்ல, யார் பெட்டியில் இருந்தது என்பதை. சவுதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அந்தத் தண்டனை, 2022 நவம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கொடுத்தவருக்கே உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கலாம். விசாரணையில் நிற்பது நீங்கள்.

முகத்துக்கு நேரே மறுக்க முடியலையா? "பிரிச்சுப் பார்த்துட்டு நானே பேக் பண்ணிக்கிறேன் ஆன்ட்டி" என்று சொல்லுங்கள். சம்மதித்தால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் "வெயிட் ஃபுல் ஆயிடுச்சு" என்பது இந்த உலகத்திலேயே மிக நல்ல பொய்.

வேறென்ன கூடாது?

மது, பன்றி இறைச்சி உள்ள உணவு, ஆபாசப் படங்கள் மூன்றும் தடை. போனில் இருப்பதும் இதில் சேர்த்திதான். குரூப்பில் வந்து கேலரியில் தேங்கிக் கிடப்பதைக் கிளம்பும் முன் அழித்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் டிரோன் கொண்டுபோக வேண்டாம்.

இஸ்லாம் அல்லாத மத வழிபாட்டைப் பொது இடத்தில் நடத்த அனுமதி இல்லை. சொந்த வழிபாட்டுக்கு உரியதை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மத நூல்களைப் பல பிரதிகள் எடுத்துச் சென்றால், விநியோகிக்கத்தான் என்று சந்தேகம் வரும்.

பிளக், பணம், நகை?

சிங்கப்பூர், மலேசியாவில் பார்த்திருப்பீர்களே, தட்டையான மூன்று பின் பிளக், அதுதான் சவுதியிலும். மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் போன், லேப்டாப் சார்ஜருக்கு அடாப்டர் மட்டும் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

கையில் இருக்கும் பணம், தங்கம் ஆகியவற்றின் மதிப்பு 60,000 ரியாலைத் தொட்டால் சவுதி சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். நிறைய நகை போட்டுப் போகிறவர்கள், கிளம்பும்போதே இந்திய சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது "இது எங்கே வாங்கினது?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

பெட்டியை மூடுவதற்கு முன்…

ஐந்து கேள்விகள். பொடி எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரியுமா? மாத்திரைக்குச் சீட்டும், தேவைப்பட்டால் அனுமதியும் இருக்கிறதா? நான் கட்டாத பொட்டலம் ஏதாவது உள்ளே இருக்கிறதா? போனைச் சுத்தம் செய்தாச்சா? ஜாக்கெட் வைத்தாச்சா?

ஐந்துக்கும் சரியான பதில் இருந்தால் ஜிப்பை இழுத்து மூடலாம். டிரஸ் குறைந்தால் அங்கே வாங்கிக்கலாம், பிரச்சினையே இல்லை!