பேசாத பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்

ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பார்த்து, "இதுக்கு இங்கிலீசு ஏறாது" என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. "ஷட் தி டோர்" என்றால் அதே பிள்ளைதான் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறது. காதில் ஏறியது வாய்க்கு வர நாளாகிறது, அவ்வளவுதான். வீட்டிலும் கடையிலும் கோயில் திடலிலும் தமிழ் மட்டுமே கேட்கும் எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பிள்ளைக்கு அந்த நாள் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராகச் சேர்ந்ததிலிருந்து மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு வெகுநாள் முன்பே, 1991-ல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நான் இளம் தொண்டர். எழுத்தோடு சைக்கிளும் பழகிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் தன் பேரைச் சொல்லவே கூசியவர்கள், தானாகச் சைக்கிளில் சந்தைக்குப் போய்வரத் தொடங்கியதும் அதே கூட்டத்தில் தெருக்குழாய்க்காக வாதாடினார்கள். பேச்சு வரட்டும், பிறகு வேலை கொடுக்கலாம் என்று அவர்களைக் காக்க வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

வேலைக்குப் பின்னால் பேச்சு வரும் இந்த வழி ஆங்கிலத்துக்கும் பொருந்தும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சாட்சி உண்டு. 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு என்பவர் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். உலகம் முழுக்க இன்று பேசப்படும் 'செயல்வழி மொழி கற்பித்தல்' முறைக்கு அது ஒரு முன்னோடி.

நான் அதை எங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டேன். புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி பஸ் நேரங்களை இரண்டு அட்டைகளில் பிரித்து எழுதுவேன். பாதி நேரங்கள் ஒருத்தியின் அட்டையில், மீதி இன்னொருத்தியின் அட்டையில். "வென் இஸ் தி நெக்ஸ்ட் பஸ்?" என்று கேட்டால்தான் அட்டை நிரம்பும். இருவருக்குள் நடப்பதால் சிரிக்க ஆள் இல்லை. "நைன் தர்ட்டி" என்ற பதிலே போதும். "பஸ் கோயிங் நைன்" என்று தவறாக வந்தால் குறுக்கிட மாட்டேன். "ஓ, தி பஸ் கோஸ் அட் நைன்" என்று நான் சரியாகத் திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் முக்கியம். பொதுவாக ஆசிரியர்கள் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்ள எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு இங்கிலீசுல ரைம்ஸ் சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். அது பரீட்சை. அதற்குப் பதில், "இந்த மருந்துச் சீட்டுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு தாயி" என்று கேளுங்கள். தன் ஆங்கிலம் ஒருவருக்குப் பயன்பட்டதென்று தெரிந்த பிள்ளைக்கு, மறுநாள் வகுப்பில் கை தூக்குவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.